இடது டிரம், வலது டிரம்

டிரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நான் வேலை பார்க்கும் லாண்டரியில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. மெஷினுக்குள் துணியைப் போட்டுச் சுற்றும் பெரிய எஃகுப் பானைக்கு அங்கே அதுதான் பெயர். என் கணவர் வேலை பார்க்கும் யார்டில் டிரம் என்றால் இடுப்பு உயர இரும்புப் பீப்பாய். என் கொழுந்தனுக்கோ டிரம்தான் சோறு போடுகிறது. கச்சேரிக் குழு ஒன்றில் வாசிக்கிறான். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று டிரம். இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்று அந்தத் திங்கட்கிழமை வரை எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

யார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய், பெயின்ட், பசை என்று என்னென்னவோ வந்த பழைய டிரம்களை வாங்கி, கழுவி, ஒடுக்கு எடுத்து, பெயின்ட் அடித்துத் திரும்ப விற்கிற இடம். உள்ளே துரு பிடித்திருந்தால் ஒரு கட்டுச் சங்கிலியைப் போட்டு மூடி உருட்டுவார்கள். வெளியே நசுங்கியிருந்தால், வாயை இறுக்கி அடைத்துவிட்டு உள்ளே காற்றை ஏற்றுவார்கள். டிரம் மெல்ல உப்பும். உப்பும்போதே சுத்தியால் சுற்றிலும் தட்டினால் ஒடுக்கு எடுபடும். அந்தக் காற்று ஏற்றும் வேலை பதினோரு வருடமாக என் கணவருடையது. யார்டில் அவருக்குப் பெயரே காத்துக்காரர்தான்.

காற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. அதன் முள் ஒரு மாதமாகச் சிக்கிக்கொண்டு நின்றது. "மீட்டர மாத்துங்க சார்" என்று இவர் மேனேஜரிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மேனேஜர் மூன்று முறையும் "பாக்கலாம், பாக்கலாம்" என்றிருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை, முள் பாதியிலேயே நிற்க, காற்று மட்டும் ஏறிக்கொண்டே போக, டிரம்மின் மேல்தகடு பிய்த்துக்கொண்டு பறந்தது. தகடு இவர் மேல் படவில்லை. பட்டது சத்தமும் காற்றும்தான். இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வந்தது.

காது டாக்டர் வயதில் சின்னவர், எப்போதும் அவசரம். விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார்.

"டிரம் போயிருக்கு" என்றார்.

"ஆமா டாக்டர், டிரம் வெடிச்சுத்தான் இப்படி ஆச்சு" என்றேன் நான்.

"அந்த டிரம் இல்லம்மா. காதுக்குள்ள இருக்கற டிரம்."

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. காதைக் குறுக்கே வெட்டிக் காட்டிய படம். குழாயின் முடிவில் மெல்லிய சவ்வு ஒன்று. அதற்குக் கீழே தமிழில் செவிப்பறை என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த டாக்டர் அந்த ஒரு சொல்லைச் சீட்டில் எழுதியிருந்தால் நான் இவ்வளவு நாள் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பழக்கத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கினார். ஈரம் படக் கூடாது, தலைக்குக் குளிக்கும்போது பஞ்சு வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதையும் அடியில் எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் செய்ய முடியும், தோலில் சின்னத் துண்டு எடுத்து ஓட்டையில் ஒட்டுவார்கள் என்றார். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டது என்று யார்டிலிருந்து ஒரு கடிதம் வந்தால் இந்த மாதப் பட்டியலிலேயே பெயர் ஏறிவிடும். இல்லையென்றால் பொது வரிசை, அது எப்போது நகரும் என்று அவருக்கே தெரியாது. பட்டியலை வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி மூடுவார்கள். அதற்குள் சீழ் பிடித்தால் உள்ளே எலும்பு வரைக்கும் போகும், மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடும் என்று, ஏதோ மழை வரும் என்பது போலச் சொன்னார்.

இவர் மறுநாளே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். "வீட்ல இருங்க" என்று கத்தினேன். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "வீட்ல உக்காந்தா காது முளைக்குமா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் பேசுவதெல்லாம் தண்டோராவாகிவிட்டது. சீட்டைக் கொடுத்துக் கடிதம் வாங்கி வாருங்கள் என்று காகிதத்தில் எழுதிக் காட்டியே அனுப்பினேன். சீட்டைக் கொடுத்துவிட்டேன், கடிதம் வரும் என்றார். ஒரு வாரம் போயிற்று. கேட்கும்போதெல்லாம் "வரும், வரும்" என்றார்.

கடிதம் வரவில்லை. வேறொன்று வந்தது. அதையும் அவர் காட்டவில்லை, நானே கண்டுபிடித்தேன். லாண்டரிக்காரிக்குச் சட்டையைக் கையில் எடுத்தால் முதலில் பையைத் துழாவித்தான் பழக்கம். யார்டின் முத்திரை வைத்து, நாலாக மடித்த காகிதம்.

"தங்களது கவனக்குறைவால் இடது டிரம் ஒன்றும் வலது டிரம் ஒன்றும் ஓட்டை விழுந்து சேதமடைந்துள்ளன. காரணம் அதிகக் காற்றழுத்தம். விசாரணையில் தாங்கள் இதனை ஒப்புக்கொண்டுள்ளீர்கள். இது முதல் எச்சரிக்கை." கீழே இவருடைய கையெழுத்து.

மனுஷன் காது இரண்டும் கிழிந்து நிற்கிறான், அவனைப் பிடித்து டிரம்மைக் கிழித்தாய் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதுல எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேனேஜர் கூப்பிட்டாரு. என்னமோ கேட்டாரு. டிரம், டிரம்னு வாய் போச்சு. ஆமா சார், டிரம் போச்சுன்னேன். போடச் சொன்னாரு, போட்டேன்."

"கேக்கலன்னு சொல்ல வாய் இல்லையா?"

அவர் கொடியிலிருந்து வேறொரு சட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாரா என்று தெரியவில்லை. இரண்டு காதும் கெட்டவரிடம் சண்டை போடுவது போன்ற தண்டனை உலகத்தில் கிடையாது. நான் எவ்வளவு உயர்த்தினாலும் பக்கத்து வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

பத்து நாளாகக் கச்சேரிக்கு வெளியூர் போயிருந்த கொழுந்தன் அந்த நேரம் பார்த்து வந்தான். வாயைத் திறந்தால் விளையாட்டு. வீட்டில் இழவு விழுந்தாலும் அவனுக்கு ஒரு ஜோக் வேண்டும். "என்ன அண்ணி, வெளிய வரைக்கும் கச்சேரி கேக்குது" என்றான். காகிதத்தை அவன் மேல் வீசினேன். படித்துவிட்டு அண்ணன் பின்னால் போய் நின்று, பிடரிக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு கையையும் சேர்த்து ஓங்கித் தட்டினான். இவர் அசையவில்லை. இன்னொரு முறை தட்டினான். இவர் பாட்டுக்குச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தன் முகத்திலிருந்து விளையாட்டு இறங்கிவிட்டது.

"டமாரச் செவிடாயிட்டானா அண்ணி?"

"அந்தப் பேச்சு வேணாம். படிச்சல்ல, என்ன எழுதியிருக்கான் பாரு."

அவன் திரும்பப் படித்தான். அவன் படிப்பதே உதடு அசைத்துத்தான். நடுவில் நின்றான். "இடது டிரம், வலது டிரம்னு போட்டிருக்கானே. என் செட்ல இடது, வலது உண்டு. நான் உக்கார்ற இடம் ஒண்ணு இருக்கு, அங்கருந்து பாத்தா இது இடது, இது வலது. பீப்பாய்க்கு எங்கருந்து வந்துச்சு இடதும் வலதும்? உருட்டிவிட்டா ரெண்டும் ஒண்ணுதான?"

இவ்வளவு நாளில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு அது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அது டாக்டர் சீட்டு. இடது காது, வலது காது. டாக்டர் டிரம் என்று எழுதினார், யார்டில் டிரம் என்று படித்தார்கள். தவறு எங்கே நடந்தது என்று தெரிந்ததும் மனது கொஞ்சம் ஆறியது என்றுகூடச் சொல்வேன். தெரியாமல் செய்திருக்கிறார்கள், போய்ச் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு அப்பாவி நான்.

மறுநாள் வியாழக்கிழமை. பட்டியல் மூட ஒரே நாள். லாண்டரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இவரோடு யார்டுக்குப் போனேன். கேட்டுக்குள் நுழைந்ததுமே சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. சங்கிலி போட்ட டிரம்கள் உருள்கின்றன, கம்ப்ரசர் உறுமுகிறது, இரும்பில் சுத்தி விழுகிறது. யாரும் யாரோடும் பேசவில்லை, எல்லாம் கைச்சாடைதான். ஆபீஸ் அறைக் கதவைச் சாத்தியதும்தான் என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

உள்ளே இரண்டு மேஜை. ஒன்றில் கிளார்க், இருபத்தைந்து வயதுப் பெண். இன்னொன்றில் மேனேஜர், மேஜைக்கு ஏற்ற வயிறு. கிளார்க்கின் மேஜையில் ஒரு குத்துக்கம்பியில் நூறு சீட்டாவது குத்தியிருந்தது. எல்லாம் டிரம்மைச் சோதித்து எழுதுகிற சீட்டுகள்: ஓட்டை, ஒட்டுப் போடலாம், போட முடியாது. டாக்டர் கிறுக்கிய காகிதமும் அதே அளவு, அதே கோழிக்கிறுக்கல். காது கேட்காத மனுஷன் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போனால் அது எங்கே போய்க் குத்தப்பட்டிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் பதமாகத்தான் ஆரம்பித்தேன். "சார், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அது டாக்டர் சீட்டு. டிரம்னு அவர் எழுதினது இவரு காத."

மேனேஜர் காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "ஏம்மா, சீட்டுல காதுன்னு எங்க இருக்கு? டிரம்னுதான இருக்கு. இங்க டிரம்னா டிரம்தான்."

"டாக்டர் எழுதின சீட்டு சார்."

"யார் எழுதினா என்ன? ரெண்டு டிரம் ஓட்டை. உன் வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரு. கையெழுத்து இருக்கு. அதுவும் இல்லாம மறுநாளே வேலைக்கு வந்தவரு. காது போனவர் வருவாரா?"

ஒத்துக்கிட்டாரு. அந்தச் சொல்லில் எனக்குள் எதுவோ அறுந்தது. "கேக்காத மனுஷன்கிட்ட வாயால கேட்டு, தலையாட்டினதும் எழுதி வாங்கிக்கிட்டு, இதுக்குப் பேரு விசாரணையா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

"குரல ஒசத்தாத."

"ஒசத்தித்தான் பழகிப்போச்சு, ஒரு வாரமா. சரி சார், டிரம்னே வச்சுக்குவோம். இடது டிரம், வலது டிரம்னு எழுதியிருக்கீங்களே. உங்க யார்டுல எது இடது டிரம்? எது வலது டிரம்? காட்டுங்க, நானும் பாத்துக்கறேன்."

அவர் ஒரு நொடி தடுமாறினார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இடது ஷெட்ல ஒண்ணு. வலது ஷெட்ல ஒண்ணு. போதுமா?"

பதினோரு வருடம் இந்த யார்டைப் பற்றி என் தலையில் கொட்டிய மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எந்த ஷெட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். "வலது ஷெட்ல இருக்கறது பூரா பிளாஸ்டிக் டிரம். பிளாஸ்டிக் டிரம்முக்கு எவனாவது காத்து ஏத்துவானா சார்? அப்புறம் சீட்டுல ஈரம் படக் கூடாதுன்னு எழுதியிருக்கே, வெட்டவெளியில மழையில நிக்கற டிரம்முக்கா? தலைக்குக் குளிக்கும்போது பஞ்சு வைக்கணும்னு எழுதியிருக்கே, அதுவும் உங்க டிரம்முக்குத்தானா? எந்த டிரம் சார் உங்க யார்டுல தலைக்குக் குளிக்குது?"

கிளார்க் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்து அவள் மேலும் பாய இருந்தேன். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான்தான் தப்பாப் படிச்சேன். கடைசி வரி எனக்குப் புரியல, விட்டுட்டேன். மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. சார்கிட்ட சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

"இது காது மாதிரி இருக்கு சார்னு சொன்னேன். அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. அதுக்கப்புறந்தான் இவரக் கூப்பிட்டு விசாரிச்சாரு."

தவறு அவளுடையது, ஒரு நாள் தவறு. அதைப் பிடித்து வைத்துக்கொண்டது மேனேஜர். மீட்டர் முள் சிக்கியதை மூன்று முறை கேட்டும் மாற்றாத ஆள், காது என்று எழுதினால் தன் தலை உருளும் என்று தெரிந்து, டிரம் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையாகவே கை எழுந்தது. இவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். என்ன பேசினோம் என்று ஒரு சொல்லும் தெரியாமல், என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"லெட்டர் எழுதுங்க" என்றேன். "எழுதலன்னா நேரா இந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு லேபர் ஆபீஸுக்குப் போறேன்."

மேனேஜர் கிளார்க்கை ஒரு பார்வை பார்த்தார். அவள் வேலை போனது என்று அந்தப் பார்வையில் இருந்தது. ஆனால் அவர் என்னிடம் பேசியபோது குரல் மாறிவிட்டது. வெண்ணெய் தடவிய குரல். "இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கோபம்? காதுன்னா காதுன்னு எழுதிட்டாப் போச்சு." அவரே லெட்டர் பேப்பரை இழுத்து எழுதினார். வேலை நேரத்தில், காற்றழுத்தத்தால், இரண்டு செவிப்பறையும். நான் சொல்லச் சொல்ல ஒரு சொல் விடாமல் எழுதினார். முத்திரை குத்தினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நீட்டிய கடிதத்தை நான் வாங்கும்போது அவர் விடவில்லை. ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"இது இருக்குல்ல, இனிமே இவரு காது கேக்காத ஆள். நீயே எழுதி வாங்கிட்ட. கம்ப்ரசர் ஓடற இடம் இது, பின்னால வண்டி வரும், டிரம் உருண்டு வரும். காது கேக்காத ஆள உள்ள விட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத்தான் கெட்ட பேரு. நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிடு. ஆபரேஷன் ஆகி, கேக்குதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அப்பப் பாக்கலாம்."

பாக்கலாம். மீட்டருக்குச் சொன்ன அதே பாக்கலாம்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தப் பாழாய்ப்போன பெரிய குரலில் கேட்டார்:

"வேலை இல்லன்னு சொல்லிட்டானா?"

தலையாட்டினேன்.

"அதுக்குத்தான் நான் அன்னைக்கு ஆமான்னேன். டிரம்ம ஒடைச்சேன்னா திட்டுவான், எழுதி வச்சுக்குவான். காது கேக்கலன்னா வெளிய அனுப்பிடுவான். எனக்குத் தெரியாதா?"

ஒரு வாரமாக அவரைத் திட்டியது அத்தனையும் எனக்கே திரும்பி வந்து விழுந்தது. அவர் கேட்காமல் கையெழுத்துப் போடவில்லை. எல்லாம் தெரிந்துதான் போட்டிருக்கிறார். காதா வேலையா என்று யாரும் கேட்பதற்கு முன்பே அவர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார். அதைத்தான் நான் கத்திக் கத்திக் கெடுத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேலும் வந்தது, என்னிடம் ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருக்கக் கூடாதா என்று. மேனேஜர் மேல் வந்ததற்கு அளவே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். சாப்பாட்டு நேரமாகியிருந்தது. கம்ப்ரசரை நிறுத்தியிருந்தார்கள். சுத்தி இல்லை, சங்கிலி இல்லை. யார்டு அப்படியொரு அமைதியாக இருந்தது. ஷெட்டின் நிழலில் எட்டுப் பேர் எங்களுக்கு முதுகைக் காட்டி, கேட்டைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இவரோடு பத்து வருடமாகத் தோளோடு தோள் நின்று வேலை பார்த்தவர்கள்.

"கேட்டீங்களா!" என்று கத்தினேன். "உங்க காத்துக்காரருக்கு இந்த யார்டு மெஷினால காது ரெண்டும் போச்சு! போச்சுன்னு சொன்னதுக்கு வேலையும் இல்லையாம்! வாயத் தொறந்து ஒருத்தராவது கேளுங்க!"

யாரும் திரும்பவில்லை. வரிசையின் ஓரத்தில் ஒருவர் மட்டும் கையில் சோற்றோடு திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். மற்ற ஏழு பேரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்தேன். மேனேஜர் பின்னால் நிற்கிறான் என்று காதில் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வந்த கோபத்தில் விடுவிடுவென்று நடந்து, கடைசியில் உட்கார்ந்திருந்தவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். சங்கிலிக்காரர். டிரம் உருட்டுகிறவர், எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தவர். "அண்ணே" என்றேன். "அண்ணே!" என்று கத்தினேன். அவர் டப்பாவைத் துழாவி அடியில் இருந்த பருக்கைகளைக் கூட்டி எடுத்தார். என் நிழல் அவர் மடியில் விழுந்தது. அப்போதுதான் துள்ளி எழுந்து, என்னைக் கண்டு, அப்படியே முகம் மலர்ந்து சிரித்தார்.

"எப்ப வந்தீங்க தங்கச்சி? வந்ததே தெரியல" என்றார், யார்டு முழுக்க அதிரும் குரலில்.

திரும்பிப் பார்த்த அந்த ஒருவரிடம், "நீங்க எப்ப வேலைக்குச் சேந்தீங்க?" என்று கேட்டேன்.

"பத்து நாள் ஆகுதுக்கா" என்றார்.

ஏழு பேர். அத்தனை பேரும் இந்தச் சத்தத்தில் காதைத் தொலைத்துவிட்டு, இத்தனை வருடமாக மேனேஜர் முன்னால் நின்று, வாயசைவைப் பார்த்து, ஆமா சார், ஆமா சார் என்று தலையாட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு இன்னொருவரைப் பற்றித் தெரியுமோ என்னவோ. எனக்கு அழுகை வந்தது. அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். நான் கத்தியதையும், ஏழு முதுகும் அசையாமல் இருந்ததையும் அவரும் பார்த்திருந்தார். அவர் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் கிளார்க் பெண் நின்றாள், கையில் லெட்டர் பேப்பர் கட்டோடு. யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை.

"சார்" என்றேன். இந்த முறை நான் குரலை உயர்த்தவே இல்லை. "காது கேக்காத ஆள உள்ள விட முடியாதுன்னீங்களே. வாங்க, இந்த ஏழு பேரையும் கேட்டுக்கு வெளிய கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. இங்கருந்து கூப்பிட்டா வர மாட்டாங்க. ஒவ்வொருத்தரையும் நீங்களே கையப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும்."